உள்பக்கத்துப் பேடு



கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் பிள்ளைகுட்டிகளோடு ஊட்டி, கோத்தகிரி, வால்பாறை என்று போய்வருகிறவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள். இதில் என் முட்டாள்தனமும் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். காலிபர் என்றால் எனக்கு வெர்னியர் காலிபர்தான். முதன்மைக்கோல் அளவு, வெர்னியர் ஒன்றிப்பு, மீச்சிற்றளவு என்று உங்களை எத்தனை பாடு படுத்தியிருப்பேன்! பாஸ்கல் விதி நடத்தும்போது பிரேக் படமும் போர்டில் போட்டிருக்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் என் சொந்த வண்டியின் பிரேக்கை ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

என் வண்டி சின்ன எஸ்.யூ.வி. நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருந்தால் நம் நாட்டில் வரி குறைவு என்பதால் எல்லாக் கம்பெனிகளும் இந்த அளவில் ஒன்று விடுகிறார்களே, அதில் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு வாங்கினேன். முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். சூலூரிலிருந்து கோவைக்கு, பல்லடத்துக்கு, விசேஷ வீடுகளுக்கு என்று போவதோடு சரி. சில சமயம் பத்து நாள்கூட எடுக்காமல் நிற்கும். "குறைவாக ஓட்டுகிற வண்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது" என்று நினைத்திருந்தேன்.

போன மே மாதம் மகளும் பேத்திகள் இருவரும் லீவுக்கு வந்திருந்தார்கள். ஐந்து பேருமாகக் கோத்தகிரி போய் இரண்டு நாள் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேட்டுப்பாளையம் வழியாக இறங்கினோம். பாதி தூரம் வந்திருப்போம். என் துணைவியார் பின்சீட்டிலிருந்து, "ஏனுங், ஏதோ கருகற வாசம் வருதுங்களே" என்றார்.

"முன்னால போற லாரி பிரேக்கு. மலையில அப்படித்தான்" என்றேன்.

லாரி முந்திப் போய் ரொம்ப நேரம் ஆகியும் வாசம் போகவில்லை. கடைசிச் சில வளைவுகளில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் அதிகமாகக் கீழே போனது. காலுக்கு அடியில் பஞ்சை மிதிப்பதுபோல் ஒரு மெத்து. எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. வண்டிக்குள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றி, மெதுவாக ஓரமாகவே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன்.

இறங்கியதும் சின்னப் பேத்தி, "அப்புச்சி, நம்ம சக்கரத்துல புகை வருது" என்று கையை நீட்டிக்கொண்டு அருகில் போனாள். இழுத்துப் பிடித்தேன். முன் இடதுபக்கச் சக்கரத்திலிருந்து அனல் முகத்தில் அடித்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றப் போனேன். டீக்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி ஊத்தாதீங்க சாமி, டிஸ்க் வெடிச்சுப் போயிரும். அப்படியே உடுங்க, தானா ஆறட்டும்." சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஏன் விரிசல் விடுகிறது என்று வகுப்பில் கேள்வி கேட்டவன் நான். அவசரத்தில் அது மறந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. "சரியாப் போச்சு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சூலூர் வந்து சேர்ந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு கணக்குப் போட்டேன். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 300. ஆக 1,500 மீட்டர் இறக்கம். வண்டியும் நாங்களும் சாமான்களும் சேர்ந்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஜூல். கரண்ட் கணக்கில் ஆறு யூனிட். எழுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம்! மேலே இருக்கும்போது வண்டிக்குள் இருக்கும் இந்த ஆற்றல் கீழே வந்து நிற்பதற்குள் எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நான் பெட்ரோல் மிச்சம் என்று மூன்றிலும் நான்கிலும் விட்டு, மொத்தத்தையும் பிரேக்கின் தலையில் கட்டிவிட்டேன். நீலகிரிப் பாதைகளில் இறக்கத்தில் இரண்டாவது கியரில் செல்லச் சொல்லிப் போர்டு வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் விட்ட வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை அது. இன்றும் அந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன் நிற்கிறார். ஒருவர் பிரேக் பிடிக்காவிட்டாலும் மற்றவர்கள் பிடிப்பார்கள். நம் காரில் அந்த ஆள்களுக்குப் பதிலாகத்தான் சக்கரத்துக்கு ஒரு பிரேக். அதில் ஒருவர் வேலை செய்கிறாரா என்று நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலையில் திருச்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இங்கே தம்பி என்றே எழுதுகிறேன்.

தம்பி வண்டியை உடனே தூக்கவில்லை. முதலில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"ஸ்டீரிங் ஒரு பக்கமா இழுக்குதுங்களா சார்?"

ஆமாம். நாலைந்து மாதமாக இடதுபக்கம் லேசாக இழுத்தது. வீல் அலைன்மென்ட் என்று நினைத்து ஓர் இடத்தில் பணம் கட்டிச் சரி பார்த்தேன். இரண்டு நாளில் பழையபடி இழுத்தது.

"மைலேஜ்?"

பதினாறு கொடுத்தது பதினான்கு ஆகியிருந்தது. பெட்ரோல் பங்கின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இடதுபக்க வீலு மட்டும் சீக்கிரம் கருப்பாகுதுங்களா?"

ஆமாம். ரோட்டுப் புழுதி என்று துடைத்துக்கொண்டிருந்தேன். அது பேடு தேய்ந்த தூள்.

"பிரேக் ஆயில் குறைஞ்சுதுங்களா?"

குறைந்தது. நானே ஒரு டப்பா வாங்கி ஊற்றி நிரப்பினேன். இதைச் சொன்னபோது தம்பி தலையைச் சொறிந்தார். "அங்கதானுங்க சார் தப்பு. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளிய வரும், அந்த எடத்த ஆயில் ரொப்பும். மேல டப்பால ஆயில் குறையும். அது குறைஞ்சு லைட் எரிஞ்சிருந்தா நீங்களே வந்திருப்பீங்க. ரொப்பி வெச்சு லைட்ட எரிய உடாமப் பண்ணிட்டீங்க."

"டாஷ்போர்டில் ஏபிஎஸ் லைட்கூட எரியலையே தம்பி" என்றேன்.

"ஏபிஎஸ் சக்கரம் சுத்துற வேகத்தப் பாக்குமுங்க சார். பேடு எத்தன மில்லி இருக்குதுன்னு அதுக்குத் தெரியாது."

"சர்வீஸ் விட்ட இடத்தில் பேடு அறுபது சதவீதம் இருக்கு என்றார்களே?"

"வீலக் கழட்டிப் பாத்தாங்களா?"

இல்லை. அலாய் வீல் சந்து வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நானும் அதே சந்து வழியாகப் பார்த்துத் திருப்தி அடைந்திருந்தேன்.

பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, அதோடு விடாமல் இரும்பு ஸ்டாண்டும் கொடுத்தார். "ஜாக்கிய நம்பி ஒருத்தனும் கைய உள்ள உடக்கூடாதுங்க" என்று கூட இருந்த பையனுக்கும் சேர்த்துச் சொன்னார். வலதுபக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசிக்கொண்டு சுற்றியது. இடதுபக்கம் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

இனி நடந்ததைச் செய்முறை வகுப்பு மாதிரியே எழுதுகிறேன்.

சக்கரம் இறுகி நிற்க மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைப்பது. இரண்டு, காலிபர் நகரும் ஸ்லைடு பின் சிக்கிக்கொள்வது. மூன்று, பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே போகாமல் நிற்பது. தம்பி காலிபரின் மேல் உள்ள நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார். நாலு சொட்டு ஆயில் வந்தது. மறுபடி சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். அப்போதும் இறுக்கம்தான். "ஹோஸ்ல அடைப்பு இருந்தா இப்ப பிரஷர் போயி வீலு லூசாகி இருக்கோணும். ஆகல. அப்ப ஹோஸ் நல்லாருக்குது. கோளாறு காலிபர்லதான்." ஒரு காரணத்தை நீக்க ஒரு சோதனை. நான் அசந்துபோனேன். இதைவிட நல்ல செய்முறை விளக்கம் என் லேபில் நடந்ததில்லை.

காலிபர் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். நம் கோவையில் மோட்டார் பம்புக்கு வார்க்கிறார்களே, அதே இனத்துச் சாம்பல் வார்ப்பிரும்பு. அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கிதான் காலிபர். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-இல் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் கார்க்காரர்கள் இதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் சின்ன வண்டிகளில் காலிபருக்கு ஒரே ஒரு பிஸ்டன்தான், அதுவும் உள்பக்கம். மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 20 மி.மீ., காலிபர் பிஸ்டன் 54 மி.மீ. என்று வைத்தால் பரப்பு ஏழு மடங்குக்கு மேல். விசையும் அத்தனை மடங்கு. பாஸ்கல் விதி. பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை டிஸ்க்கில் அழுத்தும். எதிர்விசையில் காலிபர் உடம்பு முழுதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கத்துப் பேடை இழுத்து ஒட்டும். நியூட்டனின் மூன்றாம் விதி. பின் நகராவிட்டால் உள்பேடு மட்டும் தனியாக வேலை செய்து தேயும். வெளிப்பேடு புதிதாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பேடு மட்டும்.

தம்பி காலிபரைக் கழற்றினார். மேல் பின் வந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. சுத்தியலால் தட்டி முறுக்கி எடுத்தபோது மஞ்சள் துருவோடு வந்தது. அதன் ரப்பர் பூட் கிழிந்திருந்தது. பேடு இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

வெளிப்பேடு 7 மி.மீ. உள்பேடு 1 மி.மீ.

அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் பின்னால் வெறும் இரும்புத் தகடு. அதை வைத்துக்கொண்டு என் பேத்திகளை மலையிலிருந்து இறக்கியிருக்கிறேன். கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தம்பி பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார்.

டிஸ்க்கின் உள்பக்கமும் கிராமபோன் தட்டு மாதிரி வரிவரியாக இருந்தது. "தடிமன் பாத்துருவோம்" என்றார். நான் எழுந்து, அங்கே இருந்த வெர்னியரை வாங்கி, ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு ரீடிங் எடுத்தேன். 21.4 மி.மீ. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சம் 20 என்று பொறித்திருந்தது. "தாராளமா இருக்குதே தம்பி" என்றேன்.

தம்பி சிரிக்காமல் சொன்னார். "ஓரத்துல பேடு படாத எடம் தேயாம வரப்பு மாதிரி நிக்குதுங்க சார். வெர்னியர் தாடை அந்த வரப்பத்தான் புடிச்சுருக்குது. திருகு அளவில பாருங்க." திருகு அளவியை வரப்பைத் தாண்டி உள்ளே வைத்தால் 19.6. வீசிவிட வேண்டிய டிஸ்க். எந்த அளவுக்கு எந்தக் கருவி என்று உங்களுக்கெல்லாம் மார்க் போட்டவன் நான்!

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் ஒன்று கிளம்பியது. சூலூர்க்காரர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில் பேச முடியாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். அது போனதும் தம்பி சொன்னார், "அதப் பறக்க உடறதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் பாப்பாங்க. நாம வருசத்துக்கு ஒருக்கா வீலக் கழட்டறதுக்கு அலுத்துக்கறம்."

அடுத்து பிஸ்டன். சி-கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளினால் போக வேண்டும். போகவில்லை. அதன் பூட்டிலும் ஒரு கிழிசல். பூட்டை விலக்கினால் பிஸ்டன் உடம்பில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர ரப்பர் சீல் உண்டு. பெடலை மிதித்தால் அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். விட்டால் பழைய வடிவத்துக்கு வந்து பிஸ்டனை மயிரிழை பின்னால் இழுக்கும். டிஸ்க்கை விட்டுப் பேடு விலகுவது அந்த மயிரிழையால்தான். ஸ்பிரிங் கிடையாது. துருப்பிடித்த பிஸ்டனை அந்தச் சின்ன ரப்பர் எப்படி இழுக்கும்?

தண்ணீர் எப்படி உள்ளே போனது? போன மழைக்காலத்தில் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில், எல்லோரும் போகிறார்களே என்று நானும் விட்டேன். வீட்டுக்கு வந்து அப்படியே நிறுத்திப் பத்து நாள் எடுக்கவில்லை. கிழிந்த பூட்டும் ஈரமும் ஓய்வும் சேர்ந்தால் துரு. குறைவாக ஓட்டுகிற வண்டிக்கு ஒன்றும் வராது என்ற என் நினைப்பும் அங்கேயே போயிற்று.

"இந்தக் காலிபர சர்வீஸ் பண்ண முடியாதுங்க சார். பிஸ்டன் குழி உழுந்துருச்சு. புதுச் சீல் போட்டாலும் ரெண்டு மாசத்துல ஒழுகும். மாத்திருவோம். வலதுபக்கம் பிஸ்டன் பளபளன்னு இருக்குது, பின் மட்டும் காஞ்சு கெடக்குது. அதுக்குச் சீல் கிட்டு போட்டு, பின்னக் கழுவி கிரீஸ் வெச்சாப் போதும்."

"உக்கடம் பக்கம் பழைய சாமானில் ஒரு காலிபர் கிடைக்காதா தம்பி?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி.

"கெடைக்குமுங்க. ஹாரன், கண்ணாடின்னா நானே வாங்கிப் போட்டுத் தருவேன். பிரேக்குக்கு மாட்டேனுங்க சார்."

மாட்டும்போது நான் கவனித்துக் குறித்துக்கொண்டவை:

காலிபரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பி போட்டுச் சஸ்பென்ஷனில் கட்ட வேண்டும். தொங்கினால் ஹோஸின் உள்புறம் கிழியும், வெளியே தெரியாது.

ஸ்லைடு பின்னுக்குச் சாதாரண மஞ்சள் கிரீஸ் வைக்கக் கூடாது. அது பெட்ரோலிய எண்ணெய். பிரேக் ரப்பரை வீங்க வைக்கும். அதற்கென்று சிலிகான் கிரீஸ் உண்டு. பேடு முகத்திலும் டிஸ்க்கிலும் எந்தக் கிரீஸும் படக் கூடாது.

ஹோஸ் சேரும் போல்ட்டின் இரண்டு பக்கமும் உள்ள செப்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். பழசு ஒழுகும்.

பேடும் டிஸ்க்கும் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நிப்பிள் மேலே பார்த்து இருக்க வேண்டும். தம்பி வேலை பழகிய காலத்தில் இடதுபக்கக் காலிபரை வலதுபக்கம் மாட்டிவிட்டாராம். போல்ட் எல்லாம் சரியாகவே உட்கார்ந்ததாம். ஆனால் நிப்பிள் கீழே போய்விட்டது. காற்று மேலேதானே நிற்கும்? விடியவிடிய ஆயில் ஊற்றி எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்ததாம். "அன்னிக்கு முதலாளிகிட்ட வாங்குன அடி இன்னும் ஞாபகமிருக்குதுங்க."

கடைசியாகப் பழைய ஆயிலை எடுத்துக் காற்றை வெளியேற்றும் வேலை. அதற்கு ஓர் ஆள் பெடல் மிதிக்க வேண்டும். பையன் டீ கிளாஸ் கொடுக்கப் போயிருந்தான். நான் ஏறி உட்கார்ந்தேன். "அமுத்துங்க சார்... அப்படியே புடிங்க... இப்ப உடாதீங்க... ம், இப்ப உடுங்க." ஒருதரம் சொல்லுமுன் காலை எடுத்துவிட்டேன். "நான் சொல்றதுக்கு முந்தி எதுக்குங்க சார் உடறீங்க, காத்து உள்ள போயிருச்சு பாருங்க" என்று சக்கரத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மறுபடி முதலிலிருந்து. முப்பத்திரண்டு வருடம் நான் உங்களைச் சொன்னதை ஒரே நாளில் கேட்டுக்கொண்டேன்.

குழாய் வழியாகக் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக இளம் மஞ்சளானது. மலையில் பெடல் மெத்தென்று போனதன் ரகசியம் இந்த ஆயிலில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பாஸ்கல் விதிக்குத் தேவையானது அமுங்காத திரவம். நான் மிதித்த மிதி டிஸ்க்கைப் பிடிக்காமல் குமிழியை அமுக்கியது. ஆறியதும் குமிழி மறைந்து பெடல் பழையபடி கெட்டியானது. "சரியாப் போச்சு" என்று நான் சொன்னது அதைத்தான். இன்னும் நாலு வளைவு கூடுதலாக இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்ற வேண்டும். நான் நாலு வருடமாக மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சக்கரம் மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாகிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். பேடு மாற்றியதும் முதல் மிதி ஒன்றுமில்லாமல் தரை வரை போகும். அது தெரியாமல் வண்டியை எடுத்துச் சுவரில் முட்டியவர்கள் உண்டாம். பிறகு கலங்கல் ரோட்டில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஐம்பதிலிருந்து பத்து வரை மெதுவாக வேகம் குறைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, இப்படிப் பத்துத் தடவை. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். புதுப்பேடு போட்ட அன்றே மலை ஏறக் கூடாது.

இனி அந்த நோட்டு விஷயம்.

வேலை முடிந்ததும் தம்பி ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். தேதி, கிலோமீட்டர், நாலு சக்கரத்துக்கும் உள்பேடு எத்தனை, வெளிப்பேடு எத்தனை, டிஸ்க் தடிமன், எந்தக் கருவியில் அளந்தது. பழைய சாமானை வாடிக்கையாளர் கண்ணில் காட்டிவிட்டு அதில் கையெழுத்து வாங்குவது அவர் வழக்கம். பக்கமெல்லாம் கிரீஸ் விரல் ரேகை.

அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. பிளஸ் டூ படிக்கும்போது இவருடைய இயற்பியல் ரெகார்டு நோட்டு இப்படித்தான் வரும். "கையைக் கழுவிவிட்டு எழுத உனக்கு என்ன கேடு" என்று மூன்று தடவை கையெழுத்துப் போடாமல் வகுப்பு முன்னாலேயே திருப்பி எறிந்திருக்கிறேன்.

சொன்னேன். தம்பி சிரித்தார். "அப்ப நைட்டு ஒர்க்‌ஷாப்புல வேலைங்க சார். பதினோரு மணிக்கு மேல அங்கயே உக்காந்துதான் எழுதுவேன். ரீடிங் எல்லாம் நானே எடுத்ததுங்க. நாலாவது தடவ என்ற தங்கச்சி புது நோட்டுல எழுதிக் குடுத்துச்சு. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அதுக்கு நீங்க உடனே கையெழுத்துப் போட்டுட்டீங்க."

குறையாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரவு பதினோரு மணிக்கு அந்தப் பையன் எங்கே இருந்தான் என்று ஒருநாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. இதை நேரில் அவரிடம் சொல்லிவிட்டேன். என் கையால் ரெகார்டு திருப்பி வாங்கிய மற்றவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

தம்பி நோட்டை நீட்டினார். முன் இடது: உள் 1, வெளி 7. முன் வலது: உள் 5, வெளி 6. பேனாவிலும் கிரீஸ். வாங்கி, தேதி போட்டு, பழைய பச்சை மை பழக்கத்தில் இரண்டு சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் துணைவியாரிடம், "அந்தக் கருகல் வாசம் நம்ம வண்டியிலதான் வந்திருக்குது" என்றேன். "அதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் ஒன்றும் பேச முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை, மலைக்குப் போகும் முன் கட்டாயமாக, நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்பேடு எத்தனை, வெளிப்பேடு எத்தனை என்று தனித்தனியாக அளவு கேளுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். பின்னைக் கையால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் டிரம் இருந்தால் அதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊர் சுற்றிவிட்டு வந்து நிறுத்தியதும், தொடாமல், ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அடுத்த நாளே காட்டுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர். வண்டிக்குள் யாராவது வாசம் வருகிறது என்றால் நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் உள்பேடு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். இது வீட்டுப்பாடம்.

வாழ்க வளமுடன்.